சாபு சிரிலின் அரங்கக் கலையும் இந்தித் திரைப்படமும்: ஒரு திறனாய்வு

தமிழில் திரைப்படத் திறனாய்வு இன்று ஓரளவு வளர்ந்துள்ளது. கதை, பாத்திரப் படைப்பு, உரையாடல், பாடல், அரசியல் ஆகியன குறித்து மாணவர் ஆய்வேடுகளும் கருத்தரங்கக் கட்டுரைகளும் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. எனினும், ஒரு படம் முழுவதும் நம் கண்முன் நிற்கும் வீடும் தெருவும் சிறையும் அரண்மனையும் எவரால் ஆக்கப்பட்டன என்னும் வினா அவற்றில் எழுவதேயில்லை. இலக்கியம் பயின்றோராகிய நாம் திரைப்படத்தையும் ஏடாகவே வாசித்துப் பழகிவிட்டோம்; காதால் கேட்பதைக் குறித்துக்கொண்டு, கண்ணால் காண்பதைக் கடந்து போகிறோம்.

இத்தனைக்கும் நம் இலக்கணம் இதற்கு நேர்மாறான வழியைக் காட்டுகிறது. நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. அந்நிலத்துக்குரிய உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் ஆகியவை கருப்பொருள். இவ்விரண்டும் அமைந்த பின்னரே மாந்தர் உணர்வாகிய உரிப்பொருள் பேசப்படும். திரைப்படத்தில் உரிப்பொருளை நடிகர் ஏற்கின்றனர். முதலையும் கருவையும் ஆக்கித் தருபவர் கலை இயக்குநர். ஆங்கிலப் படவுலகில் 1939ஆம் ஆண்டு வெளிவந்த 'கான் வித் த விண்ட்' படத்திற்காக வில்லியம் கேமரன் மென்சீஸ் என்பவருக்குத் தயாரிப்பு வடிவமைப்பாளர் என்னும் பெயர் வழங்கப்பட்டது. இந்தியாவில் அப்பெயர் வேரூன்ற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. சென்னைப் படப்பிடிப்புத் தளங்களில் இன்றும் இப்பணி 'செட் போடுதல்' என்றே வழங்குகிறது. அச்சொல்லில் ஓர் இளக்காரம் இருப்பதாகச் சிலர் கருதக்கூடும். தச்சரும் வார்ப்புக்காரரும் வண்ணம் பூசுவோரும் சேர்ந்து செய்யும் உடலுழைப்பை மறைக்காத சொல் அது என்பதால் நமக்கு அதில் குறையொன்றும் தோன்றவில்லை.

இக்கட்டுரை சாபு சிரிலின் பணியை, குறிப்பாக இந்திப் படங்களில் அவர் ஆற்றிய பணியை, நோக்க முற்படுகிறது. தமிழகத்தின் வால்பாறையில் பிறந்து, சென்னையில் ஓவியக் கல்வி பெற்று, மலையாளப் படங்களின் வழியே பம்பாய் சென்றவர் அவர். வால்பாறை தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மலையூர். ஜொகூர் மாநிலத்துத் தோட்டப்புறங்களோடு உறவுடைய வாசகர் இக்குறிப்பை மனத்தில் இருத்திக்கொள்வது நலம்.

தென்னகத்திலிருந்து வடக்கே

தென்னாட்டு அரங்கக் கலை இந்தித் திரைக்குச் சென்றது சாபு சிரிலோடு தொடங்கிய நிகழ்வன்று. 1948ஆம் ஆண்டு எஸ்.எஸ். வாசன் எடுத்த 'சந்திரலேகா'வின் மாபெரும் முரசு நடனத்திற்கு அரங்கு அமைத்தவர் ஏ.கே. சேகர். அப்படம் அதே ஆண்டிறுதியில் இந்தியிலும் வெளிவந்து வடநாட்டு மக்களைத் திகைக்க வைத்தது. வடக்கு தெற்கை முதன்முதலில் வியந்து நோக்கியது நடிப்புக்காகவோ வசனத்துக்காகவோ அன்று. முரசுகளின் அளவுக்காக வியந்தது. தென்னவர் என்றால் பிரம்மாண்டம் என்னும் கருத்து அப்போதே பதிந்துவிட்டது எனலாம். இக்கருத்து பிற்காலக் கலைஞர்களுக்கு வாய்ப்பாகவும் விலங்காகவும் அமைந்ததைக் கீழே காண்போம்.

இதற்கு எதிர்த்திசைப் பயணமும் உண்டு. 1987இல் வெளிவந்த 'நாயகன்' படத்திற்காகப் பம்பாயின் தாராவியைச் சென்னையிலேயே எழுப்பியவர் தோட்டா தரணி. அப்பணி அவருக்குத் தேசிய விருதையும் பெற்றுத் தந்தது. சேரியின் தகரமும் சாக்கும் ஈரச் சுவரும் ஓர் அரங்கக் கலைஞரின் கைத்திறனாகப் பாராட்டப்பட்டது அன்றைய சூழலில் புதுமை. அதற்கு முன் செட்டு என்றால் தர்பார் மண்டபமும் வளைந்து இறங்கும் மாடிப்படியுமே பலருக்கும் நினைவுக்கு வரும்.

இந்தித் திரைக்கும் தனக்கென ஒரு மரபு இருந்தது. 'மதுமதி' (1958) படத்திற்குக் கலை இயக்கம் செய்த சுதேந்து ராய், வங்காளத்திலிருந்து பிமல் ராயின் குழுவோடு இயங்கியவர். அவர் மகள் சர்மிஷ்டா ராய் 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' (1995) முதலான படங்களில் செல்வந்தர் வீட்டின் வரவேற்பறையை ஒரு தலைமுறையின் கனவாகவே ஆக்கிவிட்டார். 'லகான்' (2001), 'தேவ்தாஸ்' (2002) ஆகியவற்றால் புகழ்பெற்ற நிதின் சந்திரகாந்த் தேசாய் வரலாற்று அரங்குகளில் முன்னின்றார். சாபு சிரில் இத்தகையோர் நடுவேதான் தமக்குரிய இடத்தைத் தேட வேண்டியிருந்தது.

அவ்விடத்தைப் பெற்றுத் தந்தவர் இயக்குநர் பிரியதர்ஷன். 1994இல் வெளிவந்த 'தேன்மாவின் கொம்பத்து' என்னும் மலையாளப் படம் சாபு சிரிலுக்கு முதல் தேசிய விருதை ஈட்டித் தந்தது. நம் வாசகர் அப்படத்தைக் காணாவிடினும் அதன் தமிழ் வடிவமாகிய 'முத்து'வை (1995) அறிவர். 'தேன்மாவின் கொம்பத்து' எந்த மாவட்டத்திலும் இல்லாத ஒரு கிராமத்தில் நிகழ்வது. மாட்டு வண்டியும் சந்தையும் வண்ணத் துணியும் நிறைந்த அவ்வூர், மலையாள நாட்டையும் தமிழ்நாட்டையும் ஒருங்கே ஒத்திருக்கும், இரண்டுமாகவும் இராது. மண்ணிலிருந்து எடுத்த கூறுகளைக் கொண்டு மண்ணில் இல்லாத ஊரை எழுப்பும் இத்திறனையே பிரியதர்ஷன் பின்னர் இந்திக்குக் கொண்டு சென்றார். 'விராசத்' (1997), 'ஹேரா பேரி' (2000), 'பூல் புலையா' (2007), 'பில்லு' (2009) எனப் பல படங்களில் இவ்விருவர் கூட்டு தொடர்ந்தது. இவர்களது இந்திப் படங்களில் வரும் வடநாட்டுக் கிராமங்கள் சில பொள்ளாச்சி வட்டாரத்து மண்ணில் உருவானவை. ஆடையையும் பெயர்ப் பலகையையும் மாற்றிவிட்டால் கொங்கு நாட்டு வயல், உத்தரப் பிரதேசத்து வயலாகி விடுகிறது. வடநாட்டுப் பார்வையாளர் இதை நம்பினார்களா என்பதைவிட, நம்ப விரும்பினார்கள் என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

'பூல் புலையா'வைச் சற்று நின்று நோக்க வேண்டும். இது 'மணிச்சித்திரத்தாழ்' (1993) என்னும் மலையாளப் படத்தின் இந்தி வடிவம். மூலப்படத்தில் பூட்டப்பட்ட அறை தெக்கினி எனப்படும். கேரளத்து நாலுகெட்டு வீட்டின் தெற்குப் பகுதிக்கு வழங்கும் பெயர் அது. அவ்வறையில் அடைபட்டிருந்தவள் தஞ்சையிலிருந்து வந்த தமிழ் நடனமாது நாகவல்லி. வீட்டின் அமைப்பிலேயே திசையும் சாதியும் மொழியும் புதைந்துள்ளன. தெற்கே இருப்பது தமிழ், பூட்டப்பட்டிருப்பதும் தமிழ். இந்தியில் நாகவல்லி, மஞ்சுலிகா என்னும் வங்காளப் பெண்ணாகிறாள். வீடு இராஜஸ்தானத்துச் சோமு அரண்மனையாகிறது. அரண்மனை அழகானதுதான். ஆனால் அறைக்கும் அதில் அடைபட்டவளுக்கும் இடையே மூலத்தில் இருந்த இடஞ்சார்ந்த தருக்கம் அறுந்து, அது மேல்தளத்தில் உள்ள அச்சமூட்டும் அறை என்ற அளவில் நின்றுவிடுகிறது. கலை இயக்குநர் ஒருவரே இதற்குப் பொறுப்பாக மாட்டார். மறுவாக்கத்தில் உரிப்பொருளை மட்டும் பெயர்த்தெடுத்து முதற்பொருளை விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இது தக்க சான்று.

சிறையும் கலவரமும்

1996இல் வெளியான 'காலாபானி' சாபு சிரிலின் இரண்டாம் தேசிய விருதுப் படம். தமிழில் 'சிறைச்சாலை' என்றும் இந்தியில் 'சஜா-ஏ-காலாபானி' என்றும் வெளிவந்தது. அந்தமானின் செல்லுலார் சிறை 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடிக்கப்பட்டது. நடுவே காவற்கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் விரியும் ஏழு சிறகுகள். ஒரு சிறகின் அறை வாயில்கள் அடுத்த சிறகின் பின்புறத்தையே நோக்கியிருக்கும். கைதியர் ஒருவரையொருவர் காண இயலாது. ஏழில் மூன்று சிறகுகளே இன்று எஞ்சியுள்ளன. படத்தில் இக்கட்டடம் ஒரு பாத்திரமாகவே இயங்குகிறது. செக்கும் விலங்கும் கம்பிக் கதவும் திரும்பத் திரும்பக் காட்டப்படுகையில், அதிகாரியின் சவுக்கைவிடக் கட்டடத்தின் வடிவமே கொடியது என்னும் உணர்வு நமக்கு உண்டாகிறது.

தீபகற்பத்தின் தென்கோடியில் வாழும் நமக்கு இப்படம் தரும் செய்தி இன்னும் சற்றுக் கூடுதலானது. அந்தமானுக்கு முன்னும் அதனோடும், இந்தியக் கைதிகள் நாடு கடத்தப்பட்ட இடங்களுள் நீரிணைக் குடியேற்றங்களும் அடங்கும். ஜொகூர் பாலத்திற்கு அப்பால் உள்ள சிங்கப்பூரில் 1873 வரை அவர்கள் சாலை அமைத்தனர், செங்கல் சுட்டனர், புனித அந்திரேயா தேவாலயத்தையே எழுப்பினர். அந்தமான் சிறைக்கு ஒரு படம் வாய்த்தது. இங்கிருந்த கைதிகளுக்கு அது வாய்க்கவில்லை.

கமல்ஹாசனின் 'ஹே ராம்' (2000) தமிழிலும் இந்தியிலும் ஒருங்கே எடுக்கப்பட்டது. நம் கருத்தில் சாபு சிரிலின் ஆகச் சிறந்த பணி இதுவே. 1946ஆம் ஆண்டுக் கல்கத்தாக் கலவரம் படத்தின் முற்பகுதியில் நிகழ்கிறது. சாகேத் ராமும் அபர்ணாவும் வாழும் இல்லம் இசையும் இன்பமும் நிறைந்ததாகக் காட்டப்படுகிறது. சற்று நேரத்தில் அந்த இல்லமே கொலைக்களமாகிறது. அறைகளும் வாயில்களும் முன்னரே நமக்குப் பழகிவிட்டமையால், கொடியவர் எவ்வழியே புகுந்தனர் என்பதை நாமே உணர்ந்து அஞ்சுகிறோம். இன்பக் காட்சியில் அழகாகத் தோன்றிய திறந்தவெளி, துன்பக் காட்சியில் ஒளிந்துகொள்ள இடமற்ற வெளியாகிறது. ஒரே அரங்கு இரு பொருள் தருமாறு அமைப்பது எளிதன்று. அடுத்து, கலவரம் ஓய்ந்த தெருவில் பாகனை இழந்த யானை தனித்து நிற்கும் காட்சி. அத்தெருவின் சிதைவு அளவோடு செய்யப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் கரியாக்கிக் காட்டும் ஆசை அங்கில்லை.

காந்தியடிகளின் மூக்குக் கண்ணாடியும் காலணியும் சாகேத் ராமின் அறையில் பல்லாண்டு காக்கப்பட்டு, இறுதியில் வெளிவருகின்றன. கொல்ல வந்தவன் காவலனாகி வாழ்ந்த வாழ்வை வசனம் எதுவுமின்றி அப்பொருள்கள் உணர்த்துகின்றன. கருப்பொருள் உரிப்பொருளைச் சுமக்கும் முறைக்கு இதைவிடத் தெளிவான திரைச்சான்றை வகுப்பறையில் காட்டுவது கடினம். 'ஹே ராம்' ஆடை வடிவமைப்பு, துணை நடிப்பு, சிறப்புக் காட்சியமைப்பு ஆகியவற்றுக்குத் தேசிய விருது பெற்றது. கலை இயக்கத்திற்குப் பெறவில்லை. நடுவர்கள் அரங்கை அரங்கென்று உணராமல் உண்மை இடமெனக் கருதிவிட்டனரோ என்றுகூட எண்ணத் தோன்றுகிறது. அவ்வாறாயின் அது விருதினும் உயர்ந்த பாராட்டு.

'அசோகா' (2001) பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவில் காடும் நீரும் மேனி வண்ணமும் மனத்தில் நிற்கின்றன. மகதத்தின் தலைநகரம் நிற்பதில்லை.

எரிந்த அரங்கு

2007ஆம் ஆண்டு சாபு சிரிலின் வாழ்வில் தனித்து நோக்கத்தக்கது. அவ்வாண்டுப் படங்களுக்கான 55ஆவது தேசிய விருதுகளில் சிறந்த கலை இயக்கத்திற்கான விருதை 'ஓம் சாந்தி ஓம்' என்னும் இந்திப் படத்திற்காக அவர் பெற்றார். அதே விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வானது பிரியதர்ஷன் தமிழில் எடுத்த 'காஞ்சிவரம்'. அதற்கும் கலை இயக்குநர் அவரே. ஒரே கைகள், ஒரே ஆண்டு. ஒன்று பகட்டின் உச்சம், மற்றொன்று வறுமையின் அடித்தளம்.

'ஓம் சாந்தி ஓம்' இந்திப் படவுலகைப் பற்றிய இந்திப் படம். முற்பாதி 1970களில் நிகழ்கிறது. துணை நடிகனாகிய நாயகன், தான் விரும்பும் நடிகையை ஆளில்லாத படப்பிடிப்புத் தளத்திற்கு அழைத்துச் சென்று பாடும் காட்சி ஒன்றுண்டு. செயற்கை நிலவு, செயற்கைப் பனி, நகராத மகிழுந்தின் பின்னால் நகரும் திரைக்காட்சி என எல்லாப் பொய்களும் பொய்யென அறிவித்துக்கொண்டே அங்கு வருகின்றன. அந்நடிகை வாழும் மெய்யுலகில் வஞ்சனை நிறைந்திருக்க, அட்டையும் வண்ணமும் கொண்டு செய்த இப்பொய்யுலகில்தான் அவள் ஒரு மாலைப்பொழுதை மெய்யான மகிழ்வோடு கழிக்கிறாள். அரங்கக் கலைஞர் தம் தொழிலைப் பற்றித் தாமே எழுதிய கட்டுரையாக இக்காட்சியைக் கொள்ளலாம்.

பின்னர் அப்பெண் ஓர் அரங்கினுள் அடைக்கப்பட்டுத் தீக்கிரையாகிறாள். முப்பது ஆண்டுகள் கழித்து, மறுபிறவி எடுத்த நாயகன் கரிந்து கிடக்கும் அவ்விடத்திற்கு வந்து, அதே அரங்கை மீண்டும் எழுப்பிக் கொலைஞனை அதனுள் வரவழைக்கிறான். ஆக, சாபு சிரில் ஒரே அரங்கை மூன்று நிலைகளில் ஆக்க வேண்டியிருந்தது: ஒளிரும் நிலை, எரிந்த நிலை, மீண்டும் எழுந்த நிலை. மூன்றாம் நிலை முதலாம் நிலையை ஒத்திருக்கவும் வேண்டும், அதன் நகல் என்பது பார்வையாளருக்குத் தெரியவும் வேண்டும். இறுதியில் தண்டனை வழங்குவது நாயகனின் கையன்று. மேலிருந்து விழும் சரவிளக்கு. அறைக்கலன் ஒன்று நீதியரசராகிறது. இப்படத்தின் பிற்பகுதி 'மதுமதி'யை நினைவூட்டுவதைப் பலரும் சுட்டியுள்ளனர். அரை நூற்றாண்டுக்கு முன் சுதேந்து ராய் ஆக்கிய பழைய மாளிகையின் நிழல் இவ்வகையில் சாபு சிரிலின் அரங்கின்மீதும் படிகிறது. இந்தித் திரையின் கலை இயக்கத்தில் மரபுத்தொடர்ச்சி என ஒன்று இருப்பதற்கு இஃது அகச்சான்று.

இனிக் 'காஞ்சிவரம்'. நெசவாளன் வேங்கடம் தன் மகளுக்குப் பட்டுச்சேலை உடுத்தி மணம் செய்விப்பதாக வாக்களிக்கிறான். பட்டு நெய்பவன் பட்டு உடுத்த இயலாத காலம். கூலிக்கு நெய்யும் இடத்திலிருந்து வாயில் ஒளித்துப் பட்டிழை கொணர்ந்து, வீட்டுக்கொட்டிலில் மறைவாக ஒரு தறியில் நெய்கிறான். இப்படத்தின் அரங்கில் கண்ணைப் பறிப்பது எதுவுமில்லை. மண்சுவர், ஓடு, தறிக்குழி, மங்கிய விளக்கு. அம்மங்கலின் நடுவே தறியில் வளரும் பட்டு மட்டும் ஒளிர்கிறது. சுற்றியுள்ள யாவற்றையும் நிறமிழக்கச் செய்தமையால்தான் அவ்வொளி நமக்கு வலிக்கிறது. முற்றுப்பெறாத துணி, இறந்த மகளின் உடலை முழுதும் போர்த்தப் போதாமல் போகும் இறுதிக் காட்சியில் நடிப்பும் பொருளும் பிரிக்க இயலாதவாறு ஒன்றுகின்றன.

விருதுக் குழு இவ்விரண்டனுள் 'ஓம் சாந்தி ஓம்' படத்தைத் தேர்ந்தது தவறென்று நாம் கூறவில்லை. அவ்வரங்கின் சிந்தனை மேலே விளக்கப்பட்டது. ஆயினும் அரங்கக் கலைக்கு விருது என்றவுடன் ஒளியும் அளவும் மிக்க படத்தையே நோக்கும் வழக்கம் 'சந்திரலேகா'வின் முரசுகள் காலத்திலிருந்தே தொடர்கிறது. சாபு சிரிலின் நான்காம் தேசிய விருது 'எந்திரன்' (2010) படத்திற்குக் கிடைத்தது. (அப்படத்தில் ஷா என்னும் சிறு வேடத்தில் அவரே நடித்தும் இருக்கிறார்.) அடுத்த ஆண்டு வெளிவந்த 'ரா.ஒன்' இந்தித் திரையின் பெருஞ்செலவுப் படங்களுள் ஒன்று. அதில் கணினி வரைகலை அரங்கை விழுங்கிவிடுகிறது. எந்த அறையிலும் எவரும் வாழ்ந்ததாக நமக்குத் தோன்றுவதில்லை.

'பாகுபலி' படங்கள் (2015, 2017) தெலுங்கிலும் தமிழிலும் எடுக்கப்பட்டு இந்தியிலும் பெருவெற்றி பெற்றவை. மகிழ்மதி நாட்டின் மண்டபங்களும் சிலைகளும் ஐதராபாத்து ராமோஜி படநகரில் எழுந்தன. படப்பிடிப்பு முடிந்த பின் அவ்வரங்கு சுற்றுலாத் தலமாகி மக்கள் நுழைவுக் கட்டணம் செலுத்திக் காணுமளவு புகழ்பெற்றது. உழைப்பின் பெருமையை நாம் குறைக்கவில்லை. எனினும் மகிழ்மதியில் அரசர் உறையும் இடம் தெரிகிறது. அச்சிலையைத் தூக்கி நிறுத்தியோர் உறையும் இடம் தெரிவதில்லை. தாராவியையும் காஞ்சி நெசவுக்கொட்டிலையும் கண்ட தென்னக அரங்கக் கலை இங்கே மீண்டும் முரசின் மீது ஏறி நின்றுகொண்டது. 'ஆர்ஆர்ஆர்' (2022) படத்திற்கும் அவரே வடிவமைப்பாளர். உலகப் புகழ்பெற்ற அதன் நடனக் காட்சி மட்டும் அரங்கில் எடுக்கப்படாமல் உக்ரைன் நாட்டுக் கியீவ் நகரின் மெய்யான அரண்மனை முற்றத்தில் 2021இல் படமாக்கப்பட்டது என்பது சுவையான முரண்.

இத்தொழிலின் நிலையாமையையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். அரங்கு என்பது கேமரா காணும் பக்கம் மட்டுமே கட்டப்படுவது. ஒட்டுப்பலகைச் சட்டம், அதன்மேல் அச்சில் வார்த்த சுண்ணச் சாந்து, அதன்மேல் பழமை ஏற்றும் வண்ணப்பூச்சு. வேண்டியபோது கழற்றி எடுக்கத்தக்க சுவர். படப்பிடிப்பு முடிந்ததும் பெரும்பாலானவை உடைக்கப்படுகின்றன. வரைபடங்கள் முறையாகக் காக்கப்படுவது அரிது. நான்கு தேசிய விருதுகள் பெற்ற நிதின் தேசாய் 2005இல் மும்பைக்கு அருகே கர்ஜத்தில் தமக்கென ஒரு படநகரை நிறுவி, அரங்குகளை நிலைக்கச் செய்ய முயன்றார். கடன் நெருக்கடி முற்றிய சூழலில் 2023 ஆகத்து 2ஆம் நாள் அப்படநகரிலேயே அவர் வாழ்வு முடிந்தது.

நமது தோட்டங்கள்

இவ்வாய்வு ஜொகூரிலிருந்து எழுதப்படுவதற்குக் காரணமுண்டு. 2013இல் நூசாஜெயாவில், அதாவது இன்றைய இஸ்கண்டார் புத்ரியில், பைன்வுட் என்னும் பெயரோடு இணைந்த படப்பிடிப்பு வளாகம் ஒன்று தொடங்கப்பட்டது. 'மார்க்கோ போலோ' என்னும் ஆங்கிலத் தொடருக்காகக் குப்ளாய் கானின் அரசவை இங்கே எழுப்பப்பட்டது. மங்கோலியரின் அரண்மனையைக் கட்டிய அந்நிலப்பகுதி பெரும்பாலும் தோட்ட நிலமாக இருந்தது. அங்கும் அதைச் சூழ்ந்த வட்டாரங்களிலும் இருந்த லயன் வீடுகளின் வரிசைகள் வளர்ச்சித் திட்டங்களில் மறைந்துவிட்டன. உலகின் எப்பகுதியையும் நம் மாநிலத்தில் அரங்காக அமைக்க முடிகிறது. நம் மாநிலத்தின் ஒரு தோட்டத்தைத் திரையில் மீட்டமைக்க வேண்டுமாயின் அதற்கான அளவுகள் எவரிடம் உள்ளன?

மலேசியத் தமிழ்ப் படங்களுள் 'செம்மண் சாலை' (2005) 1960களின் இரப்பர்த் தோட்டக் குடும்பம் ஒன்றைக் காட்டிற்று. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வான 'ஜகாட்' (2015), தோட்டம் துண்டாடப்பட்ட பின் புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்தோரின் வாழ்வைக் காட்டிற்று. குறைந்த பொருட்செலவில் எடுக்கப்பட்ட இவ்விரு படங்களிலும் எஞ்சி நின்ற பழைய இடங்களே பெரிதும் துணை செய்தன. தமிழகத்திலிருந்து வந்த 'கபாலி' (2016) நம் தோட்டத்தைத் தொட்டுச் சென்றது, தங்கவில்லை. இனி எடுக்கப்படும் படங்களுக்கு எஞ்சிய இடங்களும் இரா. அப்போது தேவைப்படுவது சாபு சிரில் போன்ற ஒரு கலைஞர் மட்டுமல்லர்; அவர் கையில் கொடுப்பதற்குரிய சான்றுகளும் ஆகும்.

எத்தகைய சான்றுகள்? லயன் வீட்டின் அறை எத்தனை அடி நீளம், அடுப்பு எந்தப் பக்கம், பொதுத் தண்ணீர்க்குழாய் வரிசையின் எந்த முனையில், விடியுமுன் பெரட்டுக்குக் கூடிய களத்தின் தரை சிமெண்டா மண்ணா, கிராணியின் வீட்டுத் திண்ணை லயத்தைவிட எத்தனைப் படி உயரம், கோவிலின் வாயில் எத்திசை நோக்கியது, பால்வாளியின் பிடி எவ்வாறு வளைந்திருந்தது, கள்ளுக்கடைக்குக் கூரை தகரமா அத்தாப்பா என்பன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது இவற்றுள் எவை மாறின என்பதும் குறிக்கப்பட வேண்டும். 1942 முதல் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழரின் கதை பெரிய அளவில் திரைக்கு வரும் நாளில், அவர்கள் புறப்பட்ட வாசற்படி எப்படியிருந்தது என்று கலை இயக்குநர் கேட்பார். நினைவுக்குறிப்புகளும் சிறுகதைகளும் அவர்கள் அழுததைச் சொல்லும். வாசற்படியின் உயரத்தைச் சொல்லா.

நம் துறையின் இளங்கலை மாணவர்கள் இறுதியாண்டில் எழுதும் ஆய்வேடுகளில் நாவல் பாத்திரங்கள் பற்றியவை மிகுதி. அவற்றோடு, ஒவ்வொரு மாணவரும் தம் பாட்டன் வாழ்ந்த தோட்டத்தின் ஒரு லயனை அளந்து, வரைந்து, அங்கு வாழ்ந்த முதியோர் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்து இணைப்பாகச் சேர்க்குமாறு பணிக்கலாம். குளுவாங், சிகாமட், கூலாய், கோத்தா திங்கி வட்டாரங்களில் இப்பணிக்கு உதவக்கூடிய எண்பது அகவை கடந்த முதியோர் இன்னும் சிலர் உள்ளனர். அளவு நாடாவும் வரைதாளும் போதும்.